கடலைப் பார்த்த சுவர்

எர்மிந்தா வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிப்பாள். வீடு முழுக்க இல்லை, கடலைப் பார்த்த அடுக்களைச் சுவருக்கு மட்டும். மற்ற மூன்று பக்கமும் மர ஓடுகள் மழையில் ஊறிக் கறுத்து, பாசி பிடித்துக் கிடக்கும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. மார்ச் மாதம் பிறப்பதற்குள் அந்த ஒரு சுவர் பளிச்சென்று இருந்தாக வேண்டும். மார்ச்சில்தான் தெற்கேயிருந்து ஆண்கள் திரும்பி வருவார்கள்.

சிலோயேத் தீவுகளில் புருஷன் என்றால் பாதி வருஷத்துக்குத்தான். அக்டோபர் வந்ததும் போர்வையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு பத்தகோனியாப் பண்ணைகளுக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கக் கிளம்பிவிடுவார்கள். அங்கே ஒரு பண்ணையில் நிற்கும் ஆடுகள் எங்கள் தீவுகளில் இருக்கும் மொத்த ஜனத்தைவிட அதிகம். அவர்கள் போன பிறகு உருளைக்கிழங்கு நடுவது, பன்றி வளர்ப்பது, கடல் வற்றும்போது இறங்கிச் சிப்பி தோண்டுவது, பிள்ளை பெறுவது எல்லாம் பெண்கள் பாடு. செத்தவர்களைக்கூட ஆண்கள் வரும்வரை காக்க வைக்க முடியுமா என்ன? புதைப்பதும் பெண்கள்தான்.

எர்மிந்தாவின் புருஷன் பெலார்மினோ ஆள் குட்டை. கால் இரண்டும் வளைந்திருக்கும். பாட வராது, பாடாமல் இருக்கவும் வராது. கல்யாணமான வருஷம் தெற்கேயிருந்து திரும்பும்போது அரை டின் மஞ்சள் பெயிண்ட் கொண்டுவந்தான். கப்பலுக்கு அடித்து மிச்சமானது என்று யாரோ கொடுத்தார்களாம். அரை டின்னுக்கு ஒரு சுவர்தான் காணும். எந்தச் சுவர் என்று கேட்டான். அடுக்களைச் சுவர் என்றாள். ஜன்னல் அங்கேதான் இருந்தது, அவள் நாள் முழுக்க நிற்பதும் அங்கேதான்.

அடுத்த மார்ச்சில் வந்தவன், தலைவழியாக மாட்டிய நனைந்த கம்பளிப் போஞ்சோவைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"கறுப்பி, கருங்கல் முனையில படகு திரும்பின உடனே எனக்கு நம்ம சுவர் தெரிஞ்சிடுச்சு. மத்தவனெல்லாம் மாதா கோயில் கோபுரத்தைத் தேடறான். நான் உன் சுவரைத் தேடறேன்."

எர்மிந்தா நம்பினாள். கருங்கல் முனை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. சந்தைக்கோ கல்யாணத்துக்கோ போனாலும் பெண்கள் துடுப்புப் போட்டுக்கொண்டு வடக்கே, கரையோரமாகத்தான் போவார்கள். அவர்கள் வீடிருந்த குடாவின் வாயில் மரம் அடர்ந்த ஒரு திட்டு உண்டு. திட்டுக்கு வெளியே, தீவுகளுக்கு நடுவே ஓடும் பெரிய கடல்கால்வாய், அது தெற்கே போகும் ஆண்களின் பாதை. கடலில் முனைக்கா பஞ்சம், ஏதோ ஒரு முனை என்று விட்டுவிட்டாள். வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாள். அவனும் வருஷா வருஷம் வந்து வாசலில் நின்று அதையே சொன்னான். கேட்கக் கேட்க அவளுக்கு அலுக்கவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் அக்டோபரில் போனான். மகள் ஒத்திலியாவுக்கு அப்போது ஐந்து வயது. மார்ச்சில் ஏவரிஸ்தோவின் மோட்டார் படகு குடாவுக்குள் வந்தது. பதினொரு பேர் இறங்கினார்கள், பெலார்மினோ இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. அவனுக்கு எழுதத் தெரியாது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது. 'இந்த வருஷம் முடியவில்லை. அடுத்த வருஷம் வருகிறேன். சுவருக்குப் பெயிண்ட் அடித்து வை.' அதோடு சரி. அப்புறம் ஒரு வரி கிடையாது.

திரும்பி வந்தவர்களிடம் விசாரித்தாள். ஒருவன் இறைச்சிக் கிடங்கில் பார்த்தேன் என்றான். இன்னொருவன் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்துக்குப் போய்விட்டான் என்றான். மூன்றாமவன் எதுவும் சொல்லாமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மூன்றாமவனை எர்மிந்தா மறுபடி எதுவும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் தெரிந்த பிறகு பெயிண்ட் அடிக்கக் கை வராமல் போய்விட்டால் என்ன செய்வது? அந்தப் பயம் ஆசையைவிடப் பெரிதாக இருந்தது.

அறுபதாம் வருஷம் மே மாதம் பூமி ஆடியது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு முடியாது, ஆகையால் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. ஆடி அடங்கிய பிறகு கடல் வந்தது, போனது. ஆனால் பழைய இடத்துக்குப் போகவில்லை. கடல் ஏறவில்லை, நிலம்தான் ஒரு ஆள் உயரம் இறங்கிவிட்டது என்று படித்தவர்கள் சொன்னார்கள். எர்மிந்தாவுக்கு எது எப்படி இருந்தால் என்ன? கிணற்றில் உப்பு ஊறியது. உருளைக்கிழங்கு நிலம் கடல் பெருக்கம் வரும்போதெல்லாம் தண்ணீருக்கடியில் போனது. எட்டு ஆப்பிள் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயின.

அவள் ஒப்பாரி வைக்கவில்லை. அழவே இல்லை என்று சொல்ல மாட்டேன், அழுதாள். மழையில் நின்று அழுதால் யாருக்குத் தெரியும், எங்கள் ஊரில் மழைக்கா குறை? காலையில் மேட்டு ஊற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் சுமந்தாள். அடுத்தவர் சரிவில் பாதி விளைச்சலுக்குக் கிழங்கு போட்டாள். கடல் வற்றும் நேரமெல்லாம் முழங்கால் அளவு சேற்றில் நின்று சிப்பி தோண்டினாள். மழைநாளில் கம்பளிக் காலுறை பின்னினாள். வருஷக் கடைசியில் ஒரு பன்றிக்குட்டியை விற்று மஞ்சள் பெயிண்ட் வாங்கினாள். வீட்டின் மரக்கால்களைக் கடல் நக்கிக்கொண்டிருக்கிறது, இவள் ஏணி போட்டுச் சுவருக்கு அழகு பார்க்கிறாள் என்று ஊர் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

சிரிக்காதவள் ஒருத்தி உண்டு. மேட்டு வீட்டு தெல்மிரா. ஒத்திலியாவுக்கு ஞானத்தாய் அவள்தான், அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். தெல்மிரா சிரிக்க மாட்டாள், திட்டுவாள்.

"கொமாத்ரே, வீட்டுக்குள்ளயே மீன் வளக்கப் போறியா?"

"வளத்தா உனக்கு ஒன்னு தரேன்."

"விளையாடாத. உங்கப்பா விட்டுட்டுப் போன மனை குடாவுக்கு அந்தப் பக்கம் மேட்டுல சும்மா கிடக்குது. ஒரு மிங்கா வெச்சு வீட்டைத் தூக்கிட்டுப் போயிடலாம்ல? அங்க நல்ல தண்ணி இருக்குது, மண்ணு இருக்குது."

"அவரு வந்தா?"

"வந்தா வரட்டும்."

"முனை திரும்பினதும் சுவரைத் தேடுவாரு. சுவர் இருக்காது. கடல் வந்த சேதி அங்கயும் போயிருக்கும்ல? நாங்க ரெண்டு பேரும் கடலோட போயிட்டோம்னு நெனச்சுப்பாரு. அப்படியே படகுல திரும்பிப் போயிடுவாரு."

"எறங்கி ஒரு வார்த்தை கேக்க மாட்டானா?"

"உனக்கு அவரைத் தெரியாது. கெட்ட சேதியைக் கேக்கற தைரியம் அவருக்குக் கிடையாது."

"உனக்கு மட்டும் இருக்குதாக்கும்" என்றாள் தெல்மிரா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிங்கா என்றால் ஊர் கூடி ஒரு வீட்டுக்குக் கைகொடுப்பது. கூலி கிடையாது. சாப்பாடு உண்டு, ஆப்பிள் கள் உண்டு, நாளைக்கு நீ கூப்பிட்டால் நான் வருவேன் என்ற வார்த்தை உண்டு. ஊர் நினைத்தால் ஒரு வீட்டை அப்படியே பெயர்த்து, எருது கட்டி இழுத்து, கடலில் மிதக்கவிட்டு, அக்கரை சேர்த்துவிடும். ஆனால் ஆள் அனுப்பிச் சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக்காரன் வீடு வீடாகப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கெஞ்சிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சிக்கல் எங்கே என்றால், கேட்க வேண்டியது வீட்டுக்காரன். புருஷன் தெற்கே போயிருந்தால் மார்ச் வரை பொறுப்பார்கள். ஒரு பெண் தானே போய்க் கேட்டாள் என்றால் அவள் விதவை என்று அர்த்தம். வீடு வீடாகப் போய், என் புருஷன் செத்துவிட்டான் என்று முப்பது வாசலில் சொல்வதற்குச் சமம். அதற்கு எர்மிந்தா தயாராக இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் ஜூலையில், அமாவாசைப் பெருக்கமும் வடக்குக் காற்றும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டன. பட்டப்பகலில் கடல் படியேறி, வாசலைத் தாண்டி அடுக்களைக்குள் வந்தது. தரைப்பலகை மிதந்தது. இரும்பு அடுப்புக்குள் தண்ணீர் புகுந்து, புஸ்ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அணையாமல் காத்த தணல். பூமி ஆடிய அன்றுகூட அவள் அதைச் சாம்பல் போட்டு மூடிக் காப்பாற்றி இருந்தாள். அன்றைக்குத்தான் எர்மிந்தா மழைக்கு வெளியே, கூரைக்குக் கீழே, மகள் பார்க்க உட்கார்ந்து அழுதாள்.

ஒத்திலியாவுக்கு அந்த ஈரத்தில் நெஞ்சுச்சளி கட்டிக்கொண்டது. மூன்று வாரம் தெல்மிராவின் வீட்டு அடுப்புப் பக்கத்தில் படுத்துக் கிடந்தாள். மூச்சு விடும்போது உள்ளே யாரோ மரம் அறுப்பதுபோல் சத்தம் கேட்டது. மீன் கொழுப்பு தடவினார்கள், மூலிகைத் தண்ணீர் கொடுத்தார்கள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்கள். எதற்குக் கேட்டதோ, குழந்தை பிழைத்துக்கொண்டது. வீட்டுக்குத் திரும்பி, இன்னும் காயாத தரையைத் தாண்டித் தாண்டி நடந்தவள், சட்டென்று நின்று கேட்டாள்.

"அம்மா, அப்பா வந்தா வீட்டைத் தேடுவாரா, என்னைத் தேடுவாரா?"

"உன்னைத்தான்டி தேடுவாரு."

"அப்ப நான் இருக்கணும்ல?"

 எர்மிந்தா ஜன்னல் பக்கம் போய் நெடுநேரம் நின்றாள். வெளியே கடல் ஒன்றும் தெரியாததுபோல் அமைதியாகக் கிடந்தது.

ஜனவரியில் அவள் பெட்டியைத் திறந்தாள். பெலார்மினோ போகும்போது புது போஞ்சோவைப் போட்டுக்கொண்டு போயிருந்தான். பழையது அடியில் இருந்தது, தோள்பட்டைப் பக்கம் அவளே ஒட்டுப் போட்டது. கழுத்து ஓட்டையில் தலையை நுழைத்துப் போட்டுக்கொண்டாள். அவன் குட்டை என்பதால் அளவு சரியாகவே இருந்தது. முகத்தை ஒருமுறை அந்தக் கம்பளிக்குள் புதைத்துப் பார்த்தாள். பூச்சிக்கு வைத்த இலையின் வாசனைதான் வந்தது, அவன் வாசனை போய்விட்டிருந்தது. அவனுடைய பழைய தொப்பியையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு நேராக குஸ்தோதியோவின் வீட்டுக்குப் போனாள்.

குஸ்தோதியோவிடம்தான் தீவிலேயே நல்ல எருதுகள் இருந்தன. எந்த மிங்கா என்றாலும் அதட்டி நடத்துவது அவர்தான். வாயில் எப்போதும் சுடுசொல். எங்கள் பக்கத்தில் மரியாதைக்கு ஆணைத் தோன் என்றும் பெண்ணைத் தோன்யா என்றும் கூப்பிடுவோம். எர்மிந்தா வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினாள்.

"தோன் குஸ்தோதியோ, கெஞ்சிக் கேக்க வந்திருக்கேன்."

முறைப்படி அவர் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்டார்.

"கேக்கறது யாரு?"

"பெலார்மினோ கேக்கறாரு" என்றாள் எர்மிந்தா. "அவரு இங்க இல்ல. அதனால நான் அவரு போஞ்சோவைப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

கிழவர் போஞ்சோவைப் பார்த்தார். தோள் ஒட்டைப் பார்த்தார். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சிரித்திருந்தால் அவள் அந்த வாசலிலேயே உடைந்து போயிருப்பாள். அவர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார்.

"உள்ள வா பெலார்மினோ. உக்காரு. மாத்தே குடிச்சிட்டுப் போ."

குடித்தாள். கசப்பு இலைச் சாறான மாத்தே, சூடாக, போஞ்சோவில் கொஞ்சம் சிந்தியது.

அன்றைக்கு ஆரம்பித்து நாலு நாளில் முப்பத்திரண்டு வீடு ஏறி இறங்கினாள். சேதி அவளுக்கு முன்னால் ஓடியது. ஒவ்வொரு வாசலிலும், "வாப்பா பெலார்மினோ", "என்ன பெலார்மினோ, இளைச்சுப் போயிட்டே" என்று கூப்பிட்டார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒருவர்கூட அவளை விதவையாக்கவில்லை. ஐந்து வருஷத்தில் அவன் பெயர் அவ்வளவு தடவை அவள் காதில் விழுந்ததில்லை. வீட்டுக்கு வந்து போஞ்சோவைக் கழற்ற மனசில்லாமல் அதோடேயே உட்கார்ந்து கிழங்கு உரித்தாள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை வந்தது. கெஞ்சிக் கேட்டவர் சொல்லும் பக்கம்தான் வீட்டைத் திருப்பி வைக்க வேண்டும், அது வழக்கம். அடுக்களைச் சுவர் கால்வாயைப் பார்த்து இருக்கவேண்டும் என்று எர்மிந்தா சொல்லிவிட்டாள். புது மனையில் கால்வாய் மேற்கே இருந்தது.

"மேட்டுல, மேக்கே பாத்தா?" குஸ்தோதியோ கத்தினார். "மேக்காத்து வந்து உன் அடுப்பை ஊதி ஊதியே அணைச்சிடும். பொண்ணுக்கு இருக்கற நெஞ்சுக்கு அந்தக் காத்து ஆவுமா? மாடுகூட காத்துக்கு முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கும்."

"மாடு யாரையும் எதிர்பாத்து நிக்கலையே."

"இது பெலார்மினோ பேச்சா, உன் பேச்சா?"

"பெலார்மினோ பேச்சுதான். சுவருக்குப் பெயிண்ட் அடிச்சு வைன்னு அவருதான் எழுதினாரு."

கிழவர் துப்பிவிட்டுப் போனார். வழக்கம் வழக்கம்தான், அதை மீற அவருக்கும் உரிமை இல்லை.

பிப்ரவரியில் ஒரு தெளிந்த நாளில் மிங்கா கூடியது. முதல் நாளே சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கதவுகளையும் ஜன்னல் கண்ணாடிகளையும் கழற்றினார்கள். மரக்கால்களைத் தட்டிவிட்டு, நீளமான இரண்டு அடிமரங்களின் மேல் வீட்டை உட்கார வைத்தார்கள். பதினொரு ஜோடி எருது. குஸ்தோதியோ கோலைத் தூக்கி ஒரு சத்தம் கொடுத்தார், எழுபது எண்பது பேர் சேர்ந்து கத்தினார்கள், வீடு ஒரு முறை முனகிவிட்டு நகர்ந்தது. கண்ணில்லாத ஜன்னலோடு அது கரையைப் பார்த்து இறங்கிப் போவதை எர்மிந்தா வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். வற்றிய கடலின் சேற்றில் அதை நிறுத்தி, சுற்றிலும் காலிப் பீப்பாய்களைக் கட்டினார்கள். பிறகு பெருக்கத்துக்காகக் காத்திருந்தார்கள். கடல் வந்தது. இத்தனை நாள் வீட்டைத் தின்ன வந்த அதே கடல் அன்றைக்கு அதைத் தூக்கிவிட வந்தது.

உள்வழியாக நேரே இழுத்துப் போக முடியவில்லை. நிலம் இறங்கிய பிறகு பழைய வேலிகளும் பட்ட மரங்களும் அங்கே தண்ணீருக்கடியில் நின்றன. துடுப்புப் படகு மேலே போய்விடும், வீடு மாட்டிக்கொள்ளும். அதனால் திட்டுக்கு வெளியே போய், கால்வாயைச் சுற்றிக்கொண்டுதான் அக்கரை சேர வேண்டும். ஏவரிஸ்தோவின் மோட்டார் படகு முன்னால் இழுத்தது. எர்மிந்தா போஞ்சோவும் தொப்பியுமாக அதில் ஏறிக்கொண்டாள். ஒத்திலியா தெல்மிராவோடு பழைய இடத்திலேயே நின்றாள். மேசை விரிப்பை வீசிக் காட்டிக்கொண்டே இருக்கிறேன், எல்லா இடத்திலிருந்தும் திரும்பித் திரும்பிப் பார் என்று அம்மாவிடம் சொல்லி இருந்தாள்.

எர்மிந்தா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் வெள்ளை விரிப்பு தெரிந்தது. திட்டைத் தாண்டியதும் தெரியவில்லை. மரங்கள்தான் தெரிந்தன. படகு கால்வாய்க்குள் போன பிறகும் மரங்கள்தான்.

"தோன் ஏவரிஸ்தோ, கருங்கல் முனை எது?"

ஏவரிஸ்தோ முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமானவர். இரண்டாம் தடவை கத்திக் கேட்ட பிறகு கையை நீட்டித் தெற்கே காட்டினார். தூரத்தில், கறுப்பாக, புகைபோல ஒரு மூக்கு. அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரம் ஆகும்.

எர்மிந்தா முனையைப் பார்த்தாள். பிறகு திட்டைப் பார்த்தாள்.

"அங்கேருந்து பாத்தா எங்க வீட்டுச் சுவர் தெரியுமா?"

"எந்த வீடு? இந்த வீடா?" அவர் பின்னால் மிதந்து வருகிற வீட்டைக் காட்டிச் சிரித்தார். "எப்படித் தெரியும் தோன்யா? திட்டு மறைக்குதே. குடாவுக்குள்ள நுழைஞ்சப்புறம்தான் தெரியும். அப்போ சுவரு என்ன, உங்க கோழிகூடத் தெரியும்."

"அவரு தெரியுதுன்னு சொல்வாரே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஏவரிஸ்தோவுக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

"பெலார்மினோவா? ஆமா, அது ஒரு கூத்து. கருங்கல் முனை திரும்பினதும் முன்னால போய் நின்னுக்குவான். மழையில தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்குவான். என்னடா பாக்கறேன்னா, என் வீடு தெரியுதுன்னுவான். ஏன்டா, திட்டுதானே தெரியுது, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு எல்லாரும் சிரிப்போம். உங்களுக்குத்தான்யா தெரியல, எனக்குத் தெரியுதுன்னுவான். ஒவ்வொரு வருஷமும் அதே கூத்து."

 எர்மிந்தா கடலுக்குள் ஏதோ விழுந்துவிட்டதுபோல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஏணி போட்டு, இத்தனை டின் பெயிண்ட் வாங்கி, அடுப்பணைந்த வீட்டில் மகளை இரும வைத்து, எதைக் காத்தாள்? அந்தச் சுவர் அவன் கண்ணில் பட்டதே இல்லை. அவன் பார்த்தது வேறு. வரவேண்டும் என்று அவனுக்கு இருந்தது, அதனால் தெரிந்தது. அந்த நினைப்பு இன்னும் அவனுக்கு இருந்தால் வீடு எந்தக் கரையில், எந்தத் திசையில் இருந்தாலும் தெரியும். இல்லாமல் போயிருந்தால் கால்வாய் முழுக்க மஞ்சள் அடித்தாலும் தெரியாது. அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு அவன்மேல், ஐந்து வருஷத்தில் இல்லாத அளவுக்கு, அப்படி ஓர் ஆசை வந்தது. மழையில் தொப்பியில்லாமல் நிற்கும் அந்த மடையனின் ஈரத் தலையை ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

வீடு அக்கரையில் தரை தட்டியது. கடல் வற்ற வற்ற அது சேற்றில் உட்கார்ந்தது. எருதுகளைக் கரை வழியாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் மேட்டுக்கு இழுத்தார்கள். ஒரு பக்கம் குழி வெட்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன் மேல் சிப்பியும் கறியும் கிழங்கும் கொட்டி, பெரிய இலைகளால் மூடியிருந்தார்கள். அக்கார்டியன்காரன் சுருதி பார்த்துக்கொண்டிருந்தான். தெல்மிராவும் ஒத்திலியாவும் படகில் வந்து சேர்ந்தார்கள். மனை நடுவில் வந்ததும் குஸ்தோதியோ எருதுகளை நிறுத்தினார்.

"சரி பெலார்மினோ, சொல்லு. மேக்கே பாத்துதானே?" கேட்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

ஏவரிஸ்தோ கரையிலிருந்து கத்தினார். "இங்கேருந்து நெசமாவே முனை தெரியுது தோன்யா! இப்ப உங்க சுவரு தெரியும்!"

உண்மைதான். மேட்டிலிருந்து கருங்கல் முனை வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். எர்மிந்தா தொப்பியைக் கழற்றினாள். போஞ்சோவைத் தலை வழியாக உருவி, நாலாக மடித்து, மகளின் கையில் கொடுத்தாள்.

"இது பெலார்மினோ இல்ல, எர்மிந்தா சொல்றேன். கிழக்கே திருப்புங்க. காலை வெயில் அடுப்பங்கரையில விழட்டும்."

 குஸ்தோதியோ கோலைத் தூக்கினார். எருதுகள் அரை வட்டம் சுற்றின. மஞ்சள் சுவர் மெல்ல மெல்ல கடலுக்கு முதுகு காட்டி, மலைச்சரிவைப் பார்த்து நின்றது. தெல்மிரா மூக்கைச் சிந்திக்கொண்டு, காற்றைத் திட்டினாள்.

ஜன்னல் கண்ணாடிகளை மாட்டும்போது எர்மிந்தா கிழவரிடம் போய் நின்றாள்.

"மேக்குச் சுவர்ல ஒரு ஜன்னல் வெட்டணும்."

"காத்து வர்ற பக்கத்துலயா? இப்பத்தானே புத்தி வந்துதுன்னு நெனச்சேன். எவ்வளவு பெருசு?"

"சின்னதுதான். ஒரு முகம் அளவுக்கு."

"அந்த அளவு ஓட்டை முனையிலேருந்து அவன் கண்ணுக்குத் தெரியுமா?"

"அவருக்கு எதுவும் வேண்டாம் தோன் குஸ்தோதியோ. அவருக்குச் சுவரில்லாமலே தெரியும்" என்றாள் எர்மிந்தா. "எனக்குத்தான் பாக்காம இருக்க முடியாது."

 கிழவர் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி, விரலை விரித்து அளவெடுத்தார். பிறகு ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார்.